சிவப்பு வட்டம்

“எவன்டா சொன்னது? பேரைப் போட வேண்டியதுதானே!”

அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. அவர் கையில் மூன்று வாரத்துக்கு முந்தைய மாலைப் பத்திரிகை. அதில் இரண்டே வரிச் செய்தி: ‘குடிபோதையில் பள்ளி வேன் ஓட்டிய டிரைவர் வேலை நீக்கம். இரண்டு குழந்தைகள் காயமடைந்ததாகக் கூறப்படுகிறது.’

‘கூறப்படுகிறது’ என்ற வார்த்தையைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தவள் மகள். பத்திரிகைத் துறை படிக்கிறாள். தினமும் மூன்று பேப்பர் படி, இரண்டு சேனல் பார், அந்த வார்த்தை வந்தால் வட்டம் போடு, ஒன்றையாவது பிடித்துக்கொண்டு முதலில் சொன்ன ஆள் வரைக்கும் போய் வா என்பது வகுப்பில் கொடுத்த வேலை. ஒரே மாதத்தில் முந்நூற்றுச் சொச்சம் வட்டம் விழுந்திருந்தது.

“நேத்து அந்த டிரைவரைப் பார்த்துட்டு வந்தேன்ப்பா. அவர் குடிக்கவே மாட்டாராம். வேன்ல ஒரு பிள்ளை வாந்தி எடுத்திருக்கு. துடைக்கத் தண்ணி வாங்கலாம்னு இறங்கினவர், அந்த வாந்தியிலயே காலை வெச்சு வழுக்கியிருக்கார். அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட இல்லை.”

“அடப்பாவிங்களா!”

“இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வேற எங்கேயும் சேர்க்க மாட்டேங்கிறாங்க. முதல்ல சொன்ன ஆள் வந்து, ‘நான் சொன்னது தப்பு’ன்னு எழுதிக் கொடுத்தா மறுபடியும் எடுத்துக்கிறோம்னு ஸ்கூல்ல சொல்றாங்களாம்.”

“விடாதேம்மா! அந்த வாய் யாரோடதுன்னு கண்டுபிடி. எழுதிக் கொடுக்கலைன்னா நானே வந்து சட்டையைப் பிடிக்கிறேன்!”

மகள் கிளம்பினாள்.

மாலைப் பத்திரிகை ஆபீஸில் உதவி ஆசிரியர் டீயைக் கீழே வைக்காமலே பேசினார். “நாங்களாவா எழுதுவோம்? வெப்சைட்ல வந்தது.”

“அதுல காயம்னு இல்லையே சார்?”

“‘கூறப்படுகிறது’ன்னு போட்டிருக்கோம்ல? அப்புறம் என்ன?”

வெப்சைட் என்பது ஒரு ரூம், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஆள். “‘குழந்தைகள் அலறினர்’னு போட்டிருக்கீங்களே, யார் கேட்டது?”

“டிரைவர் குடிச்சிருந்தா குழந்தைங்க அலறாம பாட்டா பாடும்?” என்று எரிந்து விழுந்தவர், குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குரூப்பில் வந்த செய்தியை எடுத்துக் காட்டினார். அதில் அலறலும் இல்லை. இந்த ஸ்கூல் வேன் டிரைவர் குடித்துவிட்டு ரோட்டில் தள்ளாடினார் என்று மட்டும் இருந்தது.

பின்னால் போகப் போகச் செய்தி இளைத்துக்கொண்டே வந்தது. அவளுக்குக் கோபம்தான் ஏறிக்கொண்டே போனது.

அதைக் குரூப்பில் போட்ட சங்கச் செயலாளர் பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். “நான் எதுக்கும்மா எழுதிக் கொடுக்கணும்? நான் வெறும் ஃபார்வர்டு. ஸ்கூல் பேரை மட்டும்தான் சேர்த்தேன். நம்ம பக்கம் வர்றது அந்த ஒரு வேன்தானே?”

“ஒரு ஆளோட வேலையே போயிருக்கு சார். உங்களுக்கு அனுப்பினது யாரு?”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“தெரிஞ்சுதான் கேக்கறியா? உங்க அப்பாதாம்மா.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“நானா? அது வேற, இது வேறன்னு இல்ல நினைச்சேன்! நான் போட்டதுல ஸ்கூல் பேரும் இல்லை, காயமும் இல்லை. கூட வாக்கிங் வர்றவங்களுக்குத்தான் போட்டேன். அஞ்சே பேரு!”

“அஞ்சு பேர்கிட்ட சொன்னா சொன்னதில்லையா? நீங்க கண்ணால பார்த்தீங்களா?”

“இல்லை.”

“பார்க்காமலே ஒருத்தரைக் குடிகாரர்னு எழுதுவீங்க. காலைல பேப்பர்காரனைத் திட்டினீங்களே, அவனுக்கும் உங்களுக்கும் என்னப்பா வித்தியாசம்?”

அப்பாவிடம் அவள் இப்படிப் பேசியதே கிடையாது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். மகள் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள்.

“எழுதுங்க. யார் சொல்லிக் கேட்டீங்கன்னு பேரோட எழுதுங்க.”

அப்பா பேனாவை எடுத்தார்.

“நான்தான் முதல்ல சொன்னேன்னு எழுதிக் கொடுத்துடறேன்மா. நாளைக்கே ஸ்கூலுக்கு வந்து மன்னிப்பும் கேட்டுடறேன். அவருக்கு வேலை கிடைச்சுடும். அதோட விட்டுடேன்.”

“விடமாட்டேன். யாரைக் காப்பாத்தப் பார்க்கறீங்க? அந்த ஆளையும் நாலு பேர் முன்னாடி நிறுத்தினாதான் புத்தி வரும். பேரைச் சொல்லுங்கப்பா!”

அப்பா போனை எடுத்துப் பழைய செய்திகளைத் தேடினார். தேடி எடுத்ததும், அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். அவள் படித்தாள்.

‘பிள்ளைகளைப் பள்ளி வேனில் அனுப்புகிறவர்கள் கவனிக்கவும். டிரைவர் ஒருவர் குடித்துவிட்டுத் தள்ளாடியதை பஸ்ஸில் வரும்போது பார்த்ததாக என் மகள் இப்போதுதான் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். பத்திரிகைக்குப் படிக்கிற பெண், விசாரிக்காமல் எதையும் சொல்லமாட்டாள்.’