கீறல் விழாத விமானங்கள்

"தீப்பிடிச்ச வீட்டுல இருந்த பொருளா இது? ஒரு கீறல்கூட இல்லையேம்மா!"

பழைய பொம்மை மாடல்களை வாங்கி விற்கும் கடைக்காரர் வாயைப் பிளந்தார். விற்க வந்தவள் மேசையில் அடுக்கிய குட்டி உலோக விமானங்களில் ஒரு புரொப்பல்லர்கூட வளையவில்லை. அட்டைப்பெட்டிகளிலும் கரி படியவில்லை.

"எங்க வீட்டுக்காரர்தான் மாடியிலேருந்து பத்திரமா இறக்கிட்டு வந்தார்."

"உசிரா வச்சிருந்திருக்கார். விக்கச் சம்மதிச்சாரா?"

"வெளிய வண்டியிலதான் இருக்கார். இதுங்களைக் கண்ணெடுத்தும் பாக்க மாட்டேங்கிறார்."

"ஏம்மா?"

அவள் கடைசிப் பெட்டியை நகர்த்தி வைத்தாள்.

"வெறும் புகைதானே, நேரமிருக்குன்னு நினைச்சிருக்கார். இதையெல்லாம் வாசல்ல வச்சுட்டு, மாடியில தூங்கிட்டிருந்த மகளைத் தூக்க ஓடினார். அதுக்குள்ள மரப்படி எரிஞ்சு விழுந்துடுச்சு."