வெதுவெதுப்பு

பனிக்குடம் ஏழாம் மாதத்திலேயே உடைந்துவிட்டதால் நூர்நிஷா ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. காய்ச்சலோ ரத்தத்தில் கிருமியின் அறிகுறியோ தெரிந்தால் அன்றே பிள்ளையை வெளியே எடுத்துவிடுவார்கள். அதன் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் இன்றைக்கு வேண்டாம், அது இன்னும் கொஞ்சம் வளரட்டும். விடிந்ததும் உடம்பு கொதிப்பது தெரிந்து, ஐஸ் தண்ணீர் பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். தெர்மாமீட்டர் ஏமாந்துபோனது. பிறகு நர்ஸ் ரத்தம் எடுத்தார். “அதைக் கொஞ்சம் குடுங்க சிஸ்டர்” என்று அந்தச் சின்னக் குழாயைக் கேட்டு வாங்கினாள். வெதுவெதுவென்று இருந்தது. பாட்டிலைப் பிடித்துச் சில்லிட்டிருந்த உள்ளங்கைக்குள் அதைப் பொத்திக்கொண்டாள். நர்ஸ் அவளுடைய நைட்டியில் ஈரமாகியிருந்த அக்குள் பக்கத்தைப் பார்த்தார்.

“குடும்மா, லேபுக்கு அனுப்பணும்.”

“இன்னும் கொஞ்ச நேரம் சிஸ்டர். ஆறிடட்டும்.”