ஃபேன் இல்லாத பெட்ரூம்

சாமிக்கண்ணு அடுத்த மாதம் ரிட்டயர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு முத்தாண்டிக்குப்பத்தில் சொந்த வீடு கட்டப் போகிறார். கம்ப்யூட்டரில் பிளான் போட்டுத் தரும் சைமாவிடம் அவர் கேட்டது ஒன்றுதான்.

"இப்ப இருக்கற குவார்ட்டர்ஸ் எப்பிடியோ, அப்பிடியே போடும்மா."

சைமா அப்படியே போட்டாள். பின்பக்கத்து பாத்ரூமைக்கூட அவர் மாற்ற விடவில்லை.

"பெட்ரூம்ல மட்டும் ஃபேன் வேணாம்மா."

"வெயில்ல வெந்துடுவீங்க, சார்."

"பரவால்ல. கொக்கிகூட இருக்கக் கூடாது."

ஃபேனை அழித்தாள். மறுபடியும் வந்தது. பெட்ரூம் என்று பேர் வைத்தால் போதும், அந்த சாஃப்ட்வேர் தானாகவே ஃபேனை மாட்டிவிடும். சைமாவுக்கு அதற்கு ஒரு குறுக்கு வழி தெரியும். அறையின் பேரை ஸ்டோர் ரூம் என்று மாற்றினாள். ஃபேன் போய்விட்டது.

சாமிக்கண்ணு நிம்மதியாக மூச்சு விட்டார்.

"புது வீட்டுலயும் எதுக்கு சார் அதே பழைய பிளான்? ஆன்ட்டி புதுசா ஒரு கிச்சன் கேக்கலையா?"

"அவளுக்காவத்தாம்மா இதெல்லாம். ராத்திரியில லைட்டு போடாமயே நடந்துகினு இருப்பா. கதவு எடம் மாறினா தடுமாறிப் போயிடுவா."

"அப்ப ஒரு நாள் ஆன்ட்டியக் கூட்டிட்டு வாங்க. சரியா இருக்கான்னு அவங்களே பாக்கட்டும்."

சாமிக்கண்ணு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவ செத்து நாலு வருசம் ஆவுதும்மா. இன்னும் அந்த வூட்டுலதான் நடந்துகினு இருக்கா. நான் காலி பண்ணிட்டா தனியா நிப்பா. கையோட கூட்டிக்கினு போயிடணும்."

சைமா திரையில் ஸ்டோர் ரூம் என்று பேர் மாற்றிய அறையைப் பார்த்தாள்.

"அந்த ஃபேன்..."

"கொக்கியப் பாத்தா, மறுபடியும் பொடவையத் தேடுவாம்மா."