நகராத ரசிகர்கள்

கொடைக்கானலில் கேலரி நடத்தும் சர்புன்னிசா கறாராகச் சொல்லிவிட்டார். "சாயங்காலத்துக்குள்ள ஒருத்தராச்சும் நின்னு பாக்கணும். இல்லேன்னா கழட்டிருவேன், தாயி."

பைன் பட்டை, பழைய கம்பளி, துருப்பிடித்த தகரம் எல்லாம் ஒட்டி தேவசேனா செய்த படைப்பு மூலையில் தொங்கியது. அன்று மேகம்கூட டிக்கெட் வாங்காமல் உள்ளே வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போனது.

மதியம் அவள் பயந்துகொண்டே எட்டிப் பார்த்தாள். மற்ற படங்களுக்கு முன்னால் ஈ காக்கா இல்லை. அவளுடையதற்கு முன்னால் மட்டும் திருவிழாக் கூட்டம்! ஒருவர் இரு கைகளையும் அதை நோக்கி நீட்டி, கண்ணை மூடி, "அடடா!" என்றார்.

"எம்புட்டு நேரம் நிப்பீங்க? எங்களுக்கும் எடம் விடுங்க!" என்று பின்னாலிருந்து சண்டை.

தேவசேனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா, இனியாச்சும் வாசலுக்கு நேரா மாட்டுங்கக்கா!"

"மாட்டிரலாம்த்தா. ஆனா, கீழ வச்சிருக்குற ஹீட்டரோட வயரு அங்கன வரைக்கும் எட்டாதே!"