முத்திரை மண்

மருந்து வில்லை இரண்டாக உடைந்தது. உடைந்த இடத்தில் ஒரு முடி நீட்டிக்கொண்டு நின்றது.

வைத்தியர் ஹக்கீம் மக்பூல் அகமது கவனிப்பதற்குள் கலீமுல்லா அதைப் பார்த்துவிட்டான்.

வீங்கிய முழங்காலைப் பலகைமேல் நீட்டி உட்கார்ந்திருந்தவன், குனிந்து, முடியை இரண்டு விரலால் பிடித்து உருவினான். வாசல் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தான்.

ஆம்பூர்த் தோல் மண்டியில் இருபது வருடமாகத் தரம் பிரிக்கும் விரல்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே சேலத்து ஆடா, கடப்பை ஆடா என்று சொல்லிவிடும்.

வில்லையோ துருக்கிக்கு அப்பால் ஏதோ தீவிலிருந்து கப்பலேறி வந்த முத்திரை மண். அப்படித்தான் ஊர் நம்பியது. அடிபட்ட வீக்கமோ, சுண்ணாம்புக் குழியில் வெந்த கையோ, பன்னீரில் இழைத்துப் பற்றுப் போட்டால் குணமாகிவிடும் என்று ஹக்கீமின் தகப்பனார் காலத்திலிருந்தே பேர்.

உலகச் சண்டை தொடங்கிய வருடமே கப்பல் நின்றது. பம்பாய் வியாபாரி கையை விரித்துவிட்டான்.

ஹக்கீம் மலையடிவாரத்துச் செம்மண்ணை எடுத்துவந்தார். ஏழு தண்ணீரில் கரைத்தார். மல்துணியில் வடித்து, வில்லை தட்டி, தகப்பனாரின் மோதிரத்தால் முத்திரை குத்தினார். வீட்டில் இருப்பவர்களுக்குக்கூடச் சொல்லவில்லை.

முதல் வில்லையில் ஒரு வண்டிக்காரனின் கணுக்கால் வீக்கம் வடிந்தது. அதோடு மனசு சமாதானமாகிவிட்டது. மூன்று வருடம் ஓடிவிட்டது.

மாடியில் காயவைத்ததுதான் தப்பு. தோல் பதனிடும் ஷாப்புகளிலிருந்து காற்றில் வரும் ஆட்டுமுடி ஒட்டாத பொருள் ஆம்பூரில் எது?

பெஞ்சில் ஐந்து பேர் காத்திருந்தார்கள். கலீமுல்லா ஒரு வார்த்தை சொன்னால் போதும். மதியத் தொழுகைக்குள் கடைத்தெரு முழுக்கப் பரவிவிடும். தகப்பனார் சம்பாதித்த பேர், இவர் காப்பாற்றிய பேர், எல்லாம் அந்த இரண்டு விரலுக்கு நடுவில் இருந்தது.

ஹக்கீம் உடைந்த இரண்டு பாதியையும் உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

கன்னம் வீங்கி வந்திருந்த ஷஹீன் பானு, பர்தாவுக்குள்ளிருந்து, இன்னா அது என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல ஆபா, என் சட்டைல இருந்துது. மண்டிக்காரன் உக்காந்த எடத்துல ஆட்டு முடிக்கா பஞ்சம்?"

பெஞ்சு சிரித்தது. கலீமுல்லா முடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஹக்கீம் கல்லில் பன்னீர் விட்டு இழைத்தார். பற்றுப் பூசும் சாக்கில் முழங்காலருகே குனிந்து, கப்பல் வரவில்லை என்று முணுமுணுத்தார். நல்ல மண்தான், சுத்தம் செய்ததுதான் என்றார்.

கலீமுல்லா குரலைத் தாழ்த்தினான்.

"தெரியும் ஹக்கீம் சாப். அம்மாவுக்குக் குடுத்ததுலயும் முடி இருந்துச்சு. அவங்க பாக்கறதுக்குள்ள எடுத்துட்டேன்."

ஹக்கீமின் விரல் அப்படியே நின்றது.

"முட்டிக்கு இது போதும். போடுங்க."

போட்டார். மண் சில்லென்று பரவியது. வேலை முடிந்த பிறகும் அவர் நிமிரவில்லை.

ரம்ஜானுக்கு முந்தின வாரம்தான் கலீமுல்லாவின் அம்மாவை அடக்கம் செய்திருந்தார்கள். கால் வீங்கி, சிவப்பு தொடைவரை ஏறி, ஒன்பதாம் நாள் உயிர் போயிற்று.

அன்று கபரஸ்தான் வாசலில் யாரோ மருந்தைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். மருந்தின்மேல் குற்றமில்லை, மகன்தான் நாள் கடத்திவிட்டான் என்று ஜமாஅத்தார் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார் ஹக்கீம்.

கலீமுல்லா கை மண்ணைத் தட்டிவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினான்.