பாஸ் இல்லாமல் வந்தவர்

"மாட்டிக்கிட்டான் சார்!" என்று முதலாளியின் அறைக்குள் நுழைந்தார் கனகராஜ்.

முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. இருக்காதா பின்னே? போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையர் ஆனவர். மயிலாப்பூர் லஸ்ஸில் இருந்த அந்த மொத்த மருந்துக் கம்பெனிக்கு செக்யூரிட்டி ஆபீசராக வந்து மூன்று மாதத்தில், இன்றுதான் முதன்முதலாக ஒருத்தன் சிக்கியிருக்கிறான்.

"யாருய்யா?" என்றார் முதலாளி கணேசமூர்த்தி.

"ரெக்கார்டு ரூமைப் பார்த்துக்கிற ஷரஃபுதீன்."

"என்னய்யா சொல்லுதீரு? பதினாறு வருஷமா இருக்கிற ஆளாச்சே!"

போன வருஷம் ஆஸ்பத்திரி டெண்டருக்கு இவர்கள் போட்ட விலை, கவரை ஒட்டுவதற்கு முன்பே போட்டிக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த வயிற்றெரிச்சலில்தான் முதலாளி கனகராஜை வேலைக்கு வைத்தார். திங்கட்கிழமைதோறும் ஊழியர்களுக்கு வகுப்பு எடுத்தார் கனகராஜ்.

"என் கையெழுத்துப் போட்ட பாஸ் இல்லாம எவன் வந்தாலும் உள்ளே விடாதே. எங்கப்பாவே வந்தாலும் சரி!"

சொல்லிக் கொடுத்தால் போதுமா, பரீட்சை வைக்க வேண்டாமா? வேலை தேடி வந்த வெள்ளைச்சாமி என்பவரைப் பிடித்து, காக்கிச் சட்டை மாட்டி, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்தார். ஃபேன் ரிப்பேர் பார்க்க வந்ததாகச் சொல்லி உள்ளே நுழைந்து, ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். கொண்டுவந்தால் பத்து ரூபாய். இல்லாவிட்டால் பஸ் சார்ஜ் மட்டும். ஏமாந்த ஊழியருக்குச் சீட்டுக் கிழியும்.

கேஷ் கவுண்டரில் வெள்ளைச்சாமியை விரட்டினார்கள். கோடவுனில் விரட்டினார்கள். டெலிபோன் ஆபரேட்டர் ஜெயபாரதி போட்ட கூச்சலில் மனுஷர் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ரெக்கார்டு ரூம் பக்கம் போனவர், பழுப்புத் தாளில் சுற்றிச் சிவப்பு நாடா கட்டிய கட்டோடு திரும்பி வந்தார்.

அந்தக் கட்டு இப்போது முதலாளியின் மேஜை மேல் இருந்தது. ஒரு பக்கம் வெள்ளைச்சாமி. இன்னொரு பக்கம் ஷரஃபுதீன்.

"இவரை உள்ளே விட்டது நீதானா?" கனகராஜ் பழைய ஸ்டேஷன் குரலில் கேட்டார்.

"ஆமா சார்."

"பாஸ் கேட்டியா?"

"கேட்டேன் சார். இல்லேன்னாரு."

"இல்லேன்னதும்?"

"உள்ள விட்டேன்."

"வகுப்புல முதல் வரிசையில உட்கார்ந்து பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினியேய்யா!"

ஷரஃபுதீன் வெள்ளைச்சாமியைக் கைகாட்டி, "அந்தாளுக்குக் கூலி குடுத்தாச்சா சார்?" என்றார்.

கனகராஜுக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன், உனக்கும் பங்கு வேணுமா?" பையிலிருந்து பத்து ரூபாய் நோட்டை உருவி, முதலாளி பார்க்கவே வெள்ளைச்சாமியின் கையில் திணித்தார். "நீ போய்யா. உன் வேலை முடிஞ்சுது."

வெள்ளைச்சாமி நகரவில்லை. "ஐயா... இவரு வந்து..." என்று இழுத்தார்.

"இன்னாத்துக்கு நின்னுக்கினு கீறே? பஸ்ஸு பூடும். கெளம்பு நைனா!" என்று விரட்டியது கனகராஜ் அல்ல, ஷரஃபுதீன்.

"பார்த்தீங்களா சார்? கூட்டு! ரெண்டு பேரும் கூட்டு!"

முதலாளிக்கு மனசே விட்டுப்போயிற்று. "ஷரஃபுதீன், உம்மகிட்ட இதை நான் எதிர்பார்க்கலை. கணக்கை முடிச்சு வாங்கிட்டுக் கெளம்பும்" என்றார்.

ஷரஃபுதீன் ஜன்னல் வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ச்சாரியில் பஸ் வந்து நின்றது. வெள்ளைச்சாமி தொற்றிக்கொண்டார். பஸ் லஸ் முனை திரும்பும்வரை காத்திருந்துவிட்டு, சட்டையைத் தூக்கி, பெல்ட்டில் மாட்டியிருந்த சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"ரெக்கார்டு ரூம் சாவி சார். காத்தாலேர்ந்து என் இடுப்ப விட்டு எறங்கல. அந்தக் கட்டக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க."

கனகராஜ் அவசர அவசரமாக நாடாவை உருவினார். உள்ளே 1970-ஆம் வருஷத்துக் காலண்டர்கள். போணியாகாமல் மிச்சம் விழுந்தவை.

"தொடப்பம் வெக்கிற ரூமுல கெடந்துது சார். அவர உள்ள விட்டதும் அந்த ரூமுலதான்."

"அப்போ... அவன் டூப்புன்னு உனக்குத் தெரியுமா?"

"என் ரூமு ஃபேன் சுத்தலன்னு நாலு மாசமா எழுதிக் குடுத்துக்கினு கீறேன். ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இன்னிக்குத் திடுதிப்புனு ஆளு வந்து நின்னா டவுட்டு வராதா சார்? 'உண்மையச் சொல்லு நைனா'ன்னேன். ரெண்டே நிமிசம். நீங்க அனுப்புனது, பத்து ரூபா, பஸ் சார்ஜு, காலைலேர்ந்து டீ கூட குடிக்காதது, எல்லாத்தையும் கொட்டிட்டாரு."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "ஊருக்கெல்லாம் வகுப்பு எடுத்தீரு, உம்ம திருடனுக்கு எடுக்க மறந்துட்டீரே!"

கனகராஜுக்குக் காது சிவந்துவிட்டது. இருந்தாலும் போலீஸ் புத்தி விடவில்லை.

"இதை வந்ததுமே சொல்லித் தொலைக்கிறதுக்கென்னய்யா? வேலையே போயிருக்குமே!"

ஷரஃபுதீன் காலண்டர்களை அடுக்கி, பழையபடி நாடாவைக் கட்டியபடியே கேட்டார்.

"அப்பவே சொல்லியிருந்தா, அந்தாளுக்குப் பத்து ரூபா குடுத்திருப்பீங்களா சார்?"