எலி கடித்த மேஜை

"துடைச்சது போதும்மா. எவ்வளவு தேய்ச்சாலும் விறகு விறகுதான்."

உள்ளே கால் வைப்பதற்கு முன்பே உதட்டார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மூலையில் நின்ற முக்கோண மேஜையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். சாயம் போன பருத்திச் சேலை, முழங்கை வரை தூசி. ஏமாற்ற இதைவிட வசதியான வீட்டுக்காரி கிடைக்கமாட்டாள் என்று அவருக்கு வாயெல்லாம் பல்.

பழைய மரச்சாமான் வியாபாரத்தில் உதட்டாரைத் தெரியாதவர் கிடையாது. வாங்கப் போன இடத்தில் அவர் உதட்டைப் பிதுக்கினால், ராஜா உட்கார்ந்த நாற்காலிகூட வெட்கப்பட்டுத் தானாகவே அடுப்புக்குள் போய் விழும். அதே நாற்காலி அவர் கடைக்கு வந்துவிட்டால், அதற்காக இரண்டு ராஜாக்கள் யுத்தமே நடத்தியிருப்பார்கள்!

இன்றைக்கு அந்த உதட்டுக்குப் பெரிய வேலை. புது ஹோட்டல் கட்டும் முதலாளியம்மா ஒருத்தி, எல்லா அறைகளுக்கும் பழைய சாமான்களாகத் தேடுகிறாள். தரகன் காட்டிய போட்டோவில் இந்த மேஜையைப் பார்த்ததுமே, "என் பாட்டன் வீடுங்க, பாட்டன் மேஜைங்க, நாலு மணிக்கு நேர்லயே வந்து பாருங்க" என்று அவளுடைய மேனேஜரிடம் போனில் அளந்துவிட்டிருந்தார் உதட்டார்.

இப்போது மணி மூன்றுதான். நாலுக்குள் மேஜையை அடிமாட்டு விலைக்கு முடித்துவிட்டு, வீட்டுக்காரர்களைச் சினிமாவுக்கு அனுப்பிவிடுவதாகத் திட்டம். மேஜை முதலாளியம்மாவுக்குப் பிடித்துவிட்டால் ஹோட்டல் ஆர்டர் மொத்தமும் உதட்டார் கைக்கு வந்துவிடும்.

"லைட்டைப் போடும்மா, இந்த அழகை நல்லாத்தான் பார்ப்போம்."

அவள் சுவரைத் தடவினாள். முதலில் ஃபேன் சுற்றியது. அடுத்து வாசல் பல்பு எரிந்தது. மூன்றாவது தட்டலில்தான் அறைக்கு வெளிச்சம் வந்தது.

'சுவிட்ச் எதுன்னே தெரியல, இதெல்லாம் தேக்கைக் கண்டுச்சா' என்று மனசுக்குள் இளித்தபடி, கொடுக்க நினைத்திருந்ததில் பாதியை வெட்டினார்.

"தேக்குதானே சார் இது?"

"தேக்கு காதுல விழுந்தா மானநஷ்ட வழக்குப் போடும்!"

"ஒரு ஆணிகூட இல்லையே. பலகையைப் பல்லுப் பல்லா வெட்டிக் கோத்திருக்காங்களே?"

"ஆணி வாங்க வக்கில்லாதவன் செஞ்சிருக்கான்."

"கால்ல இவ்வளவு நுணுக்கமாச் செதுக்கியிருக்கே?"

"செதுக்கலா? எலி கடிச்சதும்மா. அதுவும் பல்லு ஆடுற கிழட்டு எலி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ நாலு பேர் வந்து போற இடத்துல இதை வைக்க முடியாதா?"

"வெச்சா, வெச்சவளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு அர்த்தம்."

"வியாபாரத்துக்காகக் குறைச்சுச் சொல்றீங்களோ என்னவோ."

உதட்டாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் பாட்டன் மேல சத்தியமாச் சொல்றேன். இதை வாங்கறவ முட்டாள், விக்கிறவன் திருடன். போனாப் போகுது, நான் தூக்கிட்டுப் போய்த் தொலைக்கிறேன். வண்டிக் கூலியை மட்டும் நீ குடுத்துடு!"

அப்போது அடுக்களைப் பக்கமிருந்து பனியன் போட்ட ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"இழுப்பறைச் சாவி கெடச்சிடுச்சு மேடம். என் பொண்டாட்டி சர்க்கரை டப்பாக்குள்ள போட்டு வெச்சிருக்கா." சாவியை அவளிடம் நீட்டியவர், உதட்டாரை ஏற இறங்கப் பார்த்தார். "சார் யாரு? உங்ககூட வந்தவரா?"

பிதுங்கிய உதடு பிதுங்கியபடியே நின்றுவிட்டது.

அவள் துணியை நிதானமாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இவரா? உங்க வீட்டுப் பேரன்னு என் மேனேஜர் சொன்னார்."